சகலையின் ஊதா வெளிச்சம்

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவன், தன் கம்பெனிக்கு வந்திருந்த புது உலையைக் காட்ட என்னை அழைத்துப் போனான். தொண்ணூறுகளின் கடைசி அது. காத்திவாக்கம் பக்கம் புதுக் கட்டடம், தரைக்குப் பச்சைப் பெயிண்ட். உலை என்று சொன்னதால் நான் உலையைத் தேடினேன். அங்கே நின்றது பெரிய எவர்சில்வர் டிரம். அதன் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி.

"குனிஞ்சு பாருங்கண்ணே" என்றான்.

குனிந்தேன். உள்ளே ஒன்பது பற்சக்கரங்கள் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம், தோலைப் போல ஒட்டி, பல்லுக்குப் பல் வளைந்து இறங்கி ஏறியது. புகை இல்லை, நாற்றம் இல்லை, இரைச்சல் இல்லை. பக்கத்தில் காஸ் சிலிண்டர் இரண்டே இரண்டு. என் பட்டறையில் பதினொன்று, அதில் நான்கு நசுங்கியவை.

"நல்லா இருக்கு" என்றேன். வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது.

நான் வேலை செய்தது திருவொற்றியூரில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில். பி.எஸ்சி. ரசாயனம் படித்தவன், நைட்ரைடிங் உலைக்குப் பொறுப்பாளன். வேலை இதுதான்: இயந்திர உறுப்புகளை ஒரு மூடிய பானைக்குள் தொங்கவிட்டுச் சூடேற்றி, அமோனியாவை உள்ளே விடுவோம். சூட்டில் அமோனியா உடையும். அதிலிருக்கும் நைட்ரஜன் இரும்பின் மேல்தோலுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் உலோகத்தோடு சேர்ந்து நைட்ரைடு ஆகும். நைட்ரைடு கல்லை விடக் கெட்டி. உள்ளே இரும்பு, மேலே கல், தேயாது. சகலையின் டிரம் இதே வேலையை மின்சாரத்தால், அந்த ஊதா வெளிச்சத்தில் செய்கிறது.

எங்கள் பானை தரையில் வெட்டிய குழிக்குள் இருந்தது. மூடிக்குப் பதினெட்டு போல்ட்டுகள். பதினெட்டில் இரண்டு மரை தேய்ந்தவை. எவை என்று எனக்கும் ஆபரேட்டருக்கும் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. அந்த இரண்டின் வழியாகக் கசிகிற அமோனியா கண்ணைக் கரிக்கும், சட்டையில் ஏறும். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் நீண்ட நேரம் உட்கார்ந்ததில்லை. சகலையோ வெள்ளைச் சட்டையில் வேலைக்குப் போய் வெள்ளைச் சட்டையிலேயே திரும்பி வருவான். பாக்கெட்டில் இரண்டு பேனா. ஒன்று எழுதும், இன்னொன்று எதற்கு என்று நான் கேட்டதில்லை.

எங்கள் மாமனார் காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். வீடு ராயபுரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகன்கள் இருவரும் அங்கே சாப்பிடுவது வழக்கம். கொடுவா மீன் வாங்கினால் தலை மூத்த மாப்பிள்ளைக்கு. கல்யாணமான புதிதிலிருந்து அது என் தட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. நான் அந்த ஊதா வெளிச்சத்தைப் பார்த்து வந்த வாரம், மாமனார் ஆரம்பித்தார். ஏலம் விட்டுப் பழகிய குரல். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும்.

"இன்னா மாப்ள, சின்னவரு மெஷின பாத்தியாமே? உள்ள ஊதா கலர்ல லைட்டு எரியுதாமே?"

"பார்த்தேன் மாமா."

"உன்து எப்டி? அதுலயும் லைட்டு கீதா?"

நான் பதில் சொல்வதற்குள் மாமியார் புகுந்தார். "அவுரு மெஷினுக்கு லைட்டு இன்னாத்துக்கு? கண்ல தண்ணி ஊத்திகினே கீது, லைட்டு போட்டா மட்டும் தெரியவா போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், அதைப் பார்த்து வைத்தேன். சிரித்துக்கொண்டே மாமியார் கரண்டியைச் சகலை பக்கம் திருப்பி மீன் தலையை அவன் தட்டில் வைத்தார். அவனாவது பேசாமல் சாப்பிட்டிருக்கலாம். "அண்ணனுக்கு வைங்க அத்த" என்று எடுத்து என் தட்டில் வைத்தான். அவன் கையால் வந்த தலை எனக்கு இறங்கவில்லை. எனக்கு உரியதை அவன் எனக்குத் தானம் செய்கிறான்.

அந்த வருடம்தான் பம்ப் ஷாஃப்ட் விவகாரம் வந்தது. எண்ணூரில் கடல்நீர் இறைக்கும் பம்ப் செய்கிற தொழிற்சாலை ஒன்று எங்கள் வாடிக்கை. பம்ப்பின் நடுத்தண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அது சுற்றுகிற இடத்தில் உராய்ந்து பள்ளம் விழுகிறது என்று எங்களிடம் கெட்டியாக்கக் கொடுத்தார்கள். நாங்களும் அமிலத்தில் கழுவி, பானையில் போட்டு, 550 டிகிரியில் கெட்டியாக்கிக் கொடுத்தோம். தேயவில்லை. ஆனால் துருப்பிடித்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிப்பதை விட ஒரு ஹீட் ட்ரீட்மென்ட்காரனுக்கு அவமானம் வேறு இல்லை. அவர்களுடைய இன்ஸ்பெக்டர், நிதானமான மனிதர், பழுப்பேறிய ஒரு தண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது அதிலிருக்கும் குரோமியத்தால். அது உலோகம் முழுக்கப் பரவி நின்று காவல் காக்கிறது. 550 டிகிரியில் நைட்ரஜன் உள்ளே போனதும், குரோமியம் நகர்ந்து வந்து அதோடு கூடிக்கொண்டு ஆங்காங்கே திட்டுத் திட்டாக உறைந்துவிடும். காவல்காரர்கள் எல்லாம் டீக்கடையில் கூடிவிட்ட மாதிரி. மற்ற இடமெல்லாம் உப்புக்காற்றுக்குத் திறந்த வீடு. சூட்டை 420க்குக் கொண்டுவந்தால் கதை மாறும். அந்தச் சூட்டில் நைட்ரஜனுக்கு நகரத் தெம்பு உண்டு, குரோமியத்துக்குக் கிடையாது. அது நின்ற இடத்திலேயே நிற்கும். கெட்டியும் வரும், துருவும் வராது.

புத்தகத்தில் இவ்வளவுதான். இதை எனக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்து விளக்கியவன் சகலை. "நானூத்தி இருபதுண்ணே, எங்க மெஷினுக்கு அது தண்ணி பட்ட பாடு" என்றான். தெரிந்ததை இன்னொருவன் வாயால் கேட்டுக்கொண்டு தலையாட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தலையாட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

பம்ப் தொழிற்சாலை எங்கள் இரண்டு கம்பெனிக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு தண்டு கொடுத்துப் பார்ப்பதாக முடிவு செய்தது. ஆறு எங்கள் பரிசோதனைக்கு, ஆறு கெட்டியாக்கித் திருப்பித் தர வேண்டும். யாருடையது கடல்நீரில் நிற்கிறதோ அவர்களுக்கு மொத்த ஆர்டர். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் அப்போது புதிதாக வாங்கிய செல்போன் இருந்தது. பேசும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார்.

"இத பாரு. அவுங்க மெஷின்லதான் இது வரும்னா, நான் இன்னாத்துக்கு இந்தக் குழிய கட்டிகினு மாரடிக்கணும்? மூடிட்டு மேல ஷெட்டு போட்டுடறேன். நைட்ரைடிங்குன்னு வர்ற சரக்க அவுங்களாண்ட அனுப்பிக்கலாம்."

"நான் சார்?"

"நீதான் எடுத்துகினு போய்க் குடுத்து வாங்கிகினு வரணும். உன் சகலதானே அங்க? சொந்தக்காரன், பேஜாரு பண்ண மாட்டான்."

அதுதான் என் முன்னால் இருந்தது. இந்த ஆறு தண்டு சரியாக வந்தால் என் உலை இருக்கும். வராவிட்டால், மிச்ச சர்வீஸ் முழுக்க நான் டெலிவரி சலான் பிடித்துக்கொண்டு சகலையின் பச்சைத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். அவன் நாற்காலி போடச் சொல்வான். டீ வரவழைப்பான். அதை நினைக்கத்தான் முடியவில்லை.

பன்னிரண்டு தண்டுகளும் வந்து சேர்ந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. சகலை தன் பங்கை எடுக்க எண்ணூர் போனவன், வீட்டுக்குப் போகிற வழிதானே என்று என் பங்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினான். "உங்களுக்கு எதுக்குண்ணே அலைச்சல்" என்றான். எண்ணி வாங்கினேன். பன்னிரண்டு இருந்தது.

முதலில் மூன்றைப் போட்டோம். எங்கள் ஆபரேட்டர் வியாசர்பாடிக்காரர், என் வயதுதான், அந்தக் குழியோடு என்னை விட அதிகம் பழகியவர். 420 என்று சொன்னதும் நிமிர்ந்தார்.

"ஃபோர் ட்வென்ட்டியா? சாரே, நம்ம பானைக்கு கெட்ட பேரு வாங்கிக் குடுத்துடாத."

மூன்றும் போட்ட மாதிரியே பளபளவென்று வெளியே வந்தன. முகம் பார்க்கலாம். அரத்தை வைத்துத் தேய்த்தேன். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. கெட்டியானால் அரம் வழுக்கும், இது கடித்தது. ஒரு துளி நைட்ரஜன்கூட உள்ளே போகவில்லை.

ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. அதன் குரோமியமும் காற்றும் சேர்ந்து நெய்துகொள்வது. 550ல் அந்தத் தோல் ஆங்காங்கே விட்டுக்கொடுக்கும். 420ல் விடாது. சகலையின் மெஷினில் அந்த ஊதா வெளிச்சமே தோலை அடித்து உரித்துவிடுகிறது. என்னிடம் உரிக்க என்ன இருக்கிறது? அமிலம் இருக்கிறது. அடுத்த மூன்றை அமிலத்தில் நன்றாக முக்கி எடுத்து, ஈரம் துடைத்து, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய்ப் பானையில் இறக்கினோம். அதற்குள் தோல் திரும்ப வளர்ந்துவிட்டது போலும். அவையும் பளபளவென்றே வந்தன.

ஆறு போயிற்று. திருப்பித் தர வேண்டிய ஆறு மட்டும் மீதி. தெரியாத்தனமாக முதலாளியிடம் சொன்னேன். அவர் செல்போனை நகர்த்தி வைத்துவிட்டு, குழியை மூட எத்தனை லோடு மண் ஆகும் என்று கேட்டார்.

சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது. தண்டுகளை இறக்கியவன் யார்? சகலை. இருபத்து நான்கில் நல்ல கம்பியில் செய்ததையெல்லாம் தனக்கு எடுத்துக்கொண்டு மட்டமானதை எனக்குத் தள்ளியிருந்தால்? சிரித்த முகத்தோடு ஒருவன் வந்து உதவி செய்கிறான் என்றால், எங்கோ எதையோ எடுத்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். மீதி ஆறையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன், காந்தம் வைத்துப் பார்த்தேன், வெவ்வேறு இடத்தில் அரம் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் எதுவும் சிக்கவில்லை. சிக்காததாலேயே சந்தேகம் பலமானது. தோற்றாலும் எந்தத் தண்டு எப்படித் தோற்றது என்று காட்ட வேண்டுமே. தண்டின் மேல் எண் அடிக்கக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. ஆகவே ஆபரேட்டரிடம், ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனியாக எண் போட்ட தகடு கட்டச் சொன்னேன். வழக்கமாக மொத்த லாட்டுக்கும் ஒரே தகடுதான்.

"ஆறுக்கும் ஆறு டேகா? ஏன் சாரே, உள்ள பூந்து எடம் மாறி ஒக்காந்துக்கும்னு பயப்பட்றியா?"

"கட்டுங்க, காரணம் இருக்கு."

"இன்னா காரணம், உன் சகலதான் காரணம். தூக்கத்துலகூட அவர எண்ணிகினு இருப்ப போல."

கட்டினார். ஒரு சுற்றல்ல, நான் முறைத்ததில் தகடு கழன்றுவிடக்கூடாது என்று தண்டின் முனைத் துளையில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டினார். மூடியைப் போட்டோம், பதினெட்டு போல்ட்டையும் முடுக்கினோம். தேய்ந்த இரண்டையும் நானே முடுக்கினேன்.

இந்தத் தடவை போக்கு சரியில்லை. வாயு வெளியேறும் குழாய் நடுவில் அடைத்துக்கொண்டது. பானையில் அழுத்தம் ஏறியது. வாயுவைக் குறைத்துவிட்டு, ஆபரேட்டர் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு குழாய் மூட்டைக் கழற்றினார். வசவு மழை. உலையையா, என்னையா, சகலையையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"கஸ்மாலம், உள்ள உப்பு மாதிரி வெள்ளையா கீது சாரே! ஒரு கை அள்ளலாம்!"

குத்தி எடுத்துவிட்டுக் குழாயை மறுபடி மாட்டினார். அந்த வெள்ளைப் பொடியை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எதையும் வீசுகிற பழக்கம் எனக்கில்லை.

மூடியைத் திறந்தபோது தண்டுகளில் பளபளப்பு இல்லை. ஆறும் சாம்பல் பூத்த மாதிரி மங்கிய நிறம். போச்சு என்றுதான் நினைத்தேன். முதல் தண்டில் அரம் வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வரை வழுக்கியது. வைர முனையால் அழுத்திப் பார்க்கும் கருவியில் வைத்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால், வழக்கமாகப் பெரிதாக விழும் வடு கடுகில் பாதியாகத் தெரிந்தது. ஆபரேட்டர் அரத்தை வாங்கித் தாமும் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் பானையை எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்.

மகிழ்ச்சி எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. ஏன் வந்தது என்று தெரியவில்லையே. ஆர்டர் வந்து, மறுபடி செய் என்றால் என்ன செய்வேன்? அதே தண்டு, அதே அமோனியா, அதே 420. சகலையைக் கேட்டால் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்பதை விடக் குழியை மூடிவிடலாம்.

என்ன மாறியது என்று யோசித்தேன். தகடு மட்டும்தான். கழற்றிப் போட்டிருந்த தகடுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். தகடு பழைய தகடுதான். ஆனால் அவற்றில் தொங்கியது எங்கள் இரும்புக் கட்டுக்கம்பி அல்ல. கருகிப்போன மெல்லிய செம்புக் கம்பி.

"இது ஏது?" என்றேன்.

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "கட்டுக்கம்பி காலி சாரே. ஒண்ணுக்கு ஆறுன்னு கேட்டா எங்கேந்து வரும்? ஆடி மாசம் நம்ம அம்மன் கோயிலுக்குக் கட்ன சீரியல் செட்டு, பல்பு போச்சுன்னு வச்சிருந்தேன். அத்த துண்டு போட்டு கட்டிட்டேன். மேல பிளாஸ்டிக்கு இருந்துச்சி, சூட்ல எரிஞ்சி பூடும்னு உட்டுட்டேன். ஏன், தப்பா?"

மிச்சமிருந்த வயரைக் கொண்டுவரச் சொன்னேன். சிவப்பும் பச்சையுமாக முறுக்கிய வயர், இரண்டு செத்த பல்புகளோடு. டீக்கடைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்குள் எல்லாமே அமோனியா நாற்றம், எதையும் மோந்து பார்க்க முடியாது. காகிதத்தில் மடித்து வைத்திருந்த வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, ஆபரேட்டரின் வெற்றிலைப் பொட்டலத்திலிருந்து சுண்ணாம்பு தொட்டுக் குழைத்தேன். குப்பென்று மூக்கில் ஏறியது. பொடிக்குள் அமோனியா கட்டுண்டு இருக்கிறது. பிறகு வயர்த் துண்டை டீக்கடை ஸ்டவ்வில் காட்டினேன். நெருப்பின் ஓரம் பச்சையாக எரிந்தது. செம்பும் குளோரினும் சேர்ந்தால் பச்சை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பார்த்தது. டீக்கடைக்காரர், "சாரு, டீ போடற அடுப்பு அது, ஷோ காட்டாத" என்றார்.

அமோனியாவும் வயர் பிளாஸ்டிக்கின் குளோரினிலிருந்து வந்த அமிலமும் சேர்ந்தால் என்ன? நவச்சாரம். ராயபுரத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் காலங்காலமாகக் கையில் வைத்திருப்பது. பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவினால் கறைத்தோல் கழன்றுவிடும், ஈயம் பிடித்துக்கொள்ளும். அதேதான். பானைக்குள் எரிந்த பிளாஸ்டிக் தண்டின் தோலைக் கழற்றிவிட்டது. வாசல் திறந்ததும் நைட்ரஜன் உள்ளே போயிருக்கிறது. உபரியாக உண்டான நவச்சாரம் குழாயில் போய் அடைத்துக்கொண்டது.

பழைய ஆறில் இரண்டை எடுத்து, வயர் எதுவும் இல்லாமல், ஒரு இரும்புக் கிண்ணத்தில் நவச்சாரம் வைத்துப் பானையின் அடியில் இறக்கி மறுபடி ஓட்டினேன். குழாயைப் பெரிதாக மாற்றிவிட்டேன். இரண்டும் சாம்பல் நிறத்தில் வந்தன. அரம் வழுக்கியது. சகலையின் மெஷினுக்கு எத்தனை மின்சாரம், எத்தனை பம்ப்பு. எனக்கு ஒரு கிண்ணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நான் சந்தேகப்படாதவனாக இருந்திருந்தால் ஆறு தகடு கட்டச் சொல்லியிருக்க மாட்டேன், கம்பி தீர்ந்திருக்காது. சந்தேகம் கெட்ட குணம் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கு உலோகம் தெரியாது.

பம்ப் தொழிற்சாலையில் தொட்டி நிறையக் கடல்நீர் வைத்து, என் ஆறு, சகலையின் ஆறு, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய 550 டிகிரித் தண்டு ஒன்று, பதின்மூன்றையும் நிறுத்தினார்கள். நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய்க்கொண்டே இருந்தேன். பழைய தண்டு பழுப்பாகி, தண்ணீரில் தேநீர் நிறம் இறங்கியது. மற்ற பன்னிரண்டும் அப்படியே நின்றன. சகலையுடையதில் ஒரு புள்ளியாவது விழாதா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

அப்புறம் ஆர்டர் வந்தது. எங்களுக்கு. முதலாளி பட்டறை முழுவதற்கும் மைசூர்பா வாங்கினார். எனக்கு இரண்டு துண்டு. குழியை மூடும் பேச்சு நின்றது. மூடிக்குப் புது போல்ட்டு இரண்டு வாங்க அவரே கையெழுத்துப் போட்டார். நான் ராயபுரத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். சகலையின் முகத்தைப் பார்க்க வேண்டும். சாப்பிடும்போது அவனுக்குச் சோறு இறங்காமல் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

அவன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணே, கலக்கிட்டீங்க! அமோனியாவுல நானூத்தி இருபதுல எடுத்துட்டீங்களே, எங்க ஆபீஸ்ல யாரும் நம்பல." அதோடு விடாமல் மாமியாரிடமும், பக்கத்து வீட்டுக்காரரிடமும், பால்காரரிடமும் சொன்னான். அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். துளி வயிற்றெரிச்சலும் இல்லை. இருந்து மறைத்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது.

சோறு போட்டதும் மாமனார் தொண்டையைத் திறந்தார்.

"பெரிய மாப்ள கெலிச்சிச்சி, சரி. ஆனா சின்னதுக்கு எம்மாம் பெரிய மனசு பாரு! அதுதான் அந்த கம்பெனிகாரன்கிட்ட சொல்லிச்சாம், ஆர்டர அவருக்கே குடுன்னு."

என் கை நின்றது. "என்ன சொன்னான்?"

சகலை கூச்சப்பட்டான். "பெருசா ஒண்ணும் இல்லண்ணே. ரெண்டு பேருதும் பாஸ் ஆச்சா, யாருக்குக் குடுக்கலாம்னு அவரு என்னைக் கேட்டாரு. எங்க மெஷின்ல நீட்டு ஷாஃப்டு எட்டுதான் நிக்கும். உங்க பானையில நாப்பது தொங்கும். இந்த அளவுக்கு உங்களுதுதான் சரின்னு சொன்னேன். உள்ளதத்தானே சொன்னேன்."

"இந்த காலத்துல எவன்டா சொல்வான் அப்டி?" என்றார் மாமனார். தெருவுக்கே கேட்டது. "கூடப் பொறந்தவன்கூட சொல்ல மாட்டான்!"

மறுநாளே எண்ணூருக்குப் போய் அந்த இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். என் தண்டு நன்றாக இருந்ததால்தானே கொடுத்தீர்கள் என்றேன். அவர் வழக்கம்போல நிதானமாக, "ரெண்டும் ஒண்ணுதான் சார், தராசுல வச்ச மாதிரி. உங்க சகலைதான் உங்க பக்கம் சாய்ச்சாரு. கொடுத்து வச்சவர் சார் நீங்க" என்றார். டீ வந்தது. குடிக்காமல் வந்தேன்.

உலை என்னுடையது. ஆர்டர் என்னுடையது. நவச்சாரத்தைக் கண்டுபிடித்த புத்தி என்னுடையது. ராயபுரத்தில் புகழ் மட்டும் அவனுக்கு. நான் ஜெயித்ததை அவன் கொடுத்ததாக ஆக்கிவிட்டான். அதுவும் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் என் கையில் மிச்சம் இருந்தது. எப்படி எடுத்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. தோலைக் கழற்ற ஊதா வெளிச்சம் இல்லாமல் என்ன செய்தேன் என்று ஒருநாள் கேட்டே தீருவான். தொழில் தெரிந்த எவனும் கேட்பான். கேட்டதும் சொல்ல வேண்டிய பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கொஞ்சம் சிரித்து, "அதெல்லாம் கம்பெனி ரகசியம் தம்பி" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். ஆபரேட்டரிடமும், யார் கேட்டாலும் கிண்ணத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். "யாரு சாரே கேக்கப் போறா?" என்றார்.

அந்த ஆர்டர் முடிந்தது, அடுத்ததும் வந்து முடிந்தது. நான் ஓய்வு பெற்றேன். மாமனாரும் போய்ச் சேர்ந்தார். சகலை இன்று எங்கோ பெரிய பதவியில் இருக்கிறான். காட்டுப்பள்ளிப் பக்கம் காரில் போய் வருகிறான். வழியில் என் வீட்டுக்கு வருவான். பேச்சு உலை பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்காருவேன். அவன் அமோனியா விலையைப் பற்றிப் பேசுவான், ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசுவான். கேட்க மாட்டான். கேட்டால் எனக்குச் சங்கடம் என்று கேட்காமல் இருக்கிறானா, கேட்கத் தோன்றவே இல்லையா, எனக்குப் புரியவில்லை. இரண்டில் எது என்று தெரிந்தால்கூட நிம்மதி. அதனால்தான் இங்கே எழுதிவிட்டேன். கேட்காதவனிடம் ரகசியம் காப்பதில் என்ன இருக்கிறது?

போன வாரமும் வந்தான். காபி குடித்தான். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுகினே இருந்தேன்" என்றான். கால்களைக் கீழே இறக்கி நேராக உட்கார்ந்தேன்.

"முட்டிக்கு இன்னா தைலம் தேய்க்கறீங்க? எனக்கும் வலிக்க ஆரம்பிச்சிடிச்சி."

சொன்னேன். எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொன்னேன்.